மண்டபம் மீன் ஏல அலுவலகத்தில் ஒரு பேக்கப் பக்கம்: நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரியில் தொடங்கி 2025 ஜனவரி வரை நடந்த ஒரு வேலையின் பதிவு இது. ஒரு சின்ன அலுவலகத்துக்கு பேக்கப் சர்வர் (எல்லா மெஷின்களின் ஃபைல்களுக்கும் காப்பு நகல் எடுத்து வைக்கும் கம்ப்யூட்டர்) போட்டு, அதை பிரவுசரில் பார்த்து இயக்கும் பக்கத்தையும் அமைத்துக் கொடுத்தேன். நடுவில் நான் செய்த தவறுகள் கொஞ்சமல்ல. இதே மாதிரி இடங்களில் வேலை பார்க்கும் சர்வீஸ் ஆட்களுக்குப் பயன்படும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

மண்டபத்தில் வடகடல் பக்கம், கரைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள மீன் ஏல அலுவலகம். 40க்கும் மேற்பட்ட விசைப்படகுகளின் கணக்கு இங்கேதான் எழுதப்படுகிறது. படகு கடலுக்குப் போகுமுன் வாங்கிய முன்பணம், டீசல், ஐஸ், கரைக்கு வந்த பிறகு ஏலத்தில் போன மீனின் எடை, விலை, கமிஷன் கழிவு, ஆட்களின் பங்கு என்று ஒரு படகுக்கு ஒரு நடைக்கே பத்துப் பதினைந்து வரிகள் வரும். இந்தக் கணக்கில் ஒரு வாரம் தொலைந்தாலும் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று வாய்ப்பேச்சில்தான் தீர்க்க முடியும். அந்தப் பேச்சு நல்லபடியாக முடியாது.

அலுவலகத்தில் 6 பேர், 4 கம்ப்யூட்டர். ஏலக் கணக்குக்கு ஒன்று, ஐஸ் மற்றும் டீசல் கணக்குக்கு ஒன்று, காசாளர் மேசையில் ஒன்று, முதலாளி அறையில் ஒன்று. எல்லாமே விண்டோஸ். கணக்கு முழுவதையும் பார்ப்பவர் ஒரு அக்கா. அங்கே சேர்ந்து 14 வருஷம் ஆகிறது. நான் ராமநாதபுரத்திலிருந்து வந்து போகிறவன். கூப்பிட்டால் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும், பாதி நாள் அதுவும் முடியாது.

அதுவரை இருந்த பேக்கப் நான் போட்டுக் கொடுத்ததுதான். ஏலக் கணக்கு கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். தினமும் இரவு 8 மணிக்குக் கணக்கு ஃபோல்டரை யூ.எஸ்.பி. டிஸ்க்குக்கு நகலெடுக்கும். கருப்புச் சன்னல் ஒன்று ஒரு நொடி தோன்றி மறையும், அவ்வளவுதான். அது ஓடுகிறதா இல்லையா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நான் வழியும் வைக்கவில்லை.

2024 ஜனவரி: தெரிய வந்தது

பொங்கலுக்கு முந்தின வாரம் கணக்கு மென்பொருள் திறக்க மறுத்தது. 'பேக்கப்தான் இருக்கே தம்பி, அதை எடுத்துப் போடுங்க' என்றார் அக்கா. டிஸ்க்கைத் திறந்தால் கடைசி நகலில் செப்டம்பர் 17 என்று தேதி இருந்தது. கிட்டத்தட்ட 4 மாதமாக ஒரு நகலும் விழவில்லை.

காரணம் அற்பமானது. யாரோ பென் டிரைவ் செருகிய நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்திருக்கிறது. யூ.எஸ்.பி. டிஸ்க்குக்கு விண்டோஸ் கொடுத்திருந்த டிரைவ் எழுத்து 'ஈ'யிலிருந்து 'எஃப்' ஆகிவிட்டது. ஸ்கிரிப்ட் 'ஈ'யைத் தேடித் தேடி, ஒவ்வொரு இரவும் தோல்வி என்று ஒரு பதிவு ஃபைலில் எழுதி வைத்திருந்தது. நூற்றுச் சொச்சம் வரிகள், எல்லாமே ஒரே பிழைச் செய்தி. அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான், நானோ அதைத் திறந்ததே இல்லை.

ஆடிட்டருக்கு டிசம்பர் கடைசியில் அனுப்பிய நகல் ஒன்று மின்னஞ்சலில் கிடைத்தது. அதற்குப் பிந்தைய நாட்களை ஏலத் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து அக்காவும் ஐஸ் கவுன்டர் தம்பியும் 4 நாள் உட்கார்ந்து திரும்ப எழுதினார்கள். சில சீட்டுகள் மீன் தண்ணீர் பட்டு மை கரைந்து போயிருந்தன. அவற்றில் 3 படகுகளின் கணக்கைச் சம்மாட்டிகளை, அதாவது படகு உரிமையாளர்களை, கூப்பிட்டுப் பேசித்தான் முடித்தார்கள்.

முடிவு: எதைப் போடுவது, ஏன்

அந்த 4 நாளும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். இந்தத் தரவு அக்காவுடையது. அது காப்பாற்றப்படுகிறதா இல்லையா என்பது ஏன் அவர் கண்ணுக்குத் தெரியாமல் எனக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் இருந்தது? ஆகவே இந்த முறை முதல் நிபந்தனை, பேக்கப்பின் நிலை ஒரு பக்கத்தில் தெரிய வேண்டும், அதை அவர் தினமும் பார்க்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை, நான் இல்லாமலே அவரால் ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும்.

நான்கு மென்பொருள்களைப் பார்த்தேன், நான்கும் திறமூலம். பேரியோஸ் பெரிய இடங்களுக்கு ஏற்றது. டைரக்டர், ஸ்டோரேஜ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதற்கு மேல் தனியாக வலை இடைமுகம் என்று பல அடுக்குகள் உண்டு. 4 கம்ப்யூட்டருக்கு அது அதிகம், எனக்குப் பிறகு வருகிறவர் திணறுவார். பேக்கப்பிசி நல்லதுதான், ஆனால் விண்டோஸ் பக்கம் பகிர்வு, அனுமதி என்று ஒவ்வொரு மெஷினிலும் வேலை வைக்கும். டூப்ளிகாட்டி ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக ஓடி, தனித்தனிப் பக்கம் காட்டும். அக்கா தினமும் 4 பக்கம் பார்க்க மாட்டார். யூஆர்பேக்கப்பில் ஒரே சர்வர், ஒரே பக்கம். விண்டோஸின் வால்யூம் ஷேடோ காப்பி வழியாக எடுப்பதால் கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போதே நகல் எடுக்க முடியும். மாறாத ஃபைலை மறுபடி நகலெடுக்காமல் பழைய நகலுக்கே இணைப்பு வைத்துக்கொள்ளும் என்பதால் டிஸ்க்கும் சீக்கிரம் நிறையாது. அதையே எடுத்தேன்.

பிப்ரவரி: நிறுவியது

கிடப்பில் இருந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பில் 8 ஜிபி நினைவகம், 240 ஜிபி எஸ்.எஸ்.டி., அதோடு 4 டிபி யூ.எஸ்.பி. டிஸ்க். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். யூஆர்பேக்கப் சர்வரின் டெபியன் தொகுப்பை இறக்கி நிறுவும்போதே, நகல்களை எங்கே வைப்பது என்று கேட்கும். 4 டிபி டிஸ்க்கை மவுன்ட் செய்திருந்த, அதாவது இணைத்து வைத்திருந்த, ஃபோல்டரைக் காட்டினேன். நிறுவல் முடிந்ததும் 55414 போர்ட்டில் (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல் மாதிரி) பக்கம் வந்துவிட்டது. விண்டோஸ் மெஷின்களில் கிளையன்ட்டை, அதாவது சர்வருக்கு ஃபைல்களை அனுப்பும் துணை மென்பொருளை, போட்டதும், ஒரே நெட்வொர்க்கில் இருந்த மூன்றும் தாமாகவே பட்டியலில் வந்தன. நான்காவது வரவில்லை. முதலாளியின் மெஷின் வேறொரு நெட்வொர்க்கில் இருந்தது. சர்வர் கிளையன்ட்டைத் தேடுவது நெட்வொர்க் முழுவதும் குரல் கொடுக்கும் முறையில், அந்தக் குரல் வேறு நெட்வொர்க்குக்குப் போகாது. கேபிள் இழுத்து மாற்றியதும் சரியானது.

எந்தெந்த ஃபோல்டரை நகலெடுப்பது என்பதில் அவசரப்படவில்லை. 'கணக்கு எங்கே இருக்கு அக்கா?' என்று கேட்டால், டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானைத்தான் காட்டுவார், யாரும் அப்படித்தான் காட்டுவார்கள். மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய், தரவு சேமிக்கும் இடம் என்ன என்று பார்த்தேன். அது பயனர் ஃபோல்டருக்குள் இல்லை. சி டிரைவில் நேராக ஒரு தனி ஃபோல்டர். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் மட்டும் போதும் என்று விட்டிருந்தால் கணக்கு பேக்கப்பில் சேர்ந்தே இருக்காது.

அடுத்தது நேரம். பேக்கப் இரவில் ஓடட்டும் என்பது வழக்கமான அறிவுரை. இங்கே இரவில் எல்லா மெஷினும் அணைந்திருக்கும். பகலிலும் எல்லா நேரமும் ஓட விட முடியாது. இந்த அலுவலகத்தின் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலை 4 மணியிலிருந்து 10 மணி வரை ஏலக் கம்ப்யூட்டரில் கை ஓயாது. நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் ஓரமாக நின்று பார்த்தேன். வெளியே ஏலக்காரர் விலை கூவுகிறார், உள்ளே ஒருவர் ஈரக் கையோடு சீட்டை நீட்டுகிறார், அக்கா கீபோர்டின் மேல் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையில் விரல் வழுக்காமல் தட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு சீட்டுக்கு அரை நிமிடம்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் டிஸ்க் உருண்டால் அந்தப் பழைய மெஷின் நின்றுவிடும். ஆகவே பகல் 12 மணி முதல் இரவு 9 மணி வரை என்று பேக்கப் நேரத்தை வைத்தேன். மாறிய ஃபைல்களை மட்டும் எடுப்பதற்கு இயல்பாக இருக்கும் 5 மணி நேர இடைவெளியை ஏலக் கம்ப்யூட்டருக்கு மட்டும் 3 மணி ஆக்கினேன். முழு டிஸ்க் பிம்பம் எடுப்பதையும் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் வைத்துவிட்டு மற்ற மூன்றுக்கும் நிறுத்தினேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், முதல் நகல் மாலை 5:30க்குத்தான் தொடங்கியிருந்தது. சர்வரின் நேர மண்டலத்தை யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டேன். அதற்குப் பகல் 12 என்றால் நமக்கு மாலை 5:30. மாற்றியதும் ஒழுங்கானது.

பக்கம் திறந்து கிடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யூஆர்பேக்கப்பின் பக்கம் நிறுவியதும் பாஸ்வேர்டு கேட்காது. நிர்வாகிப் பயனரை நாமாக உருவாக்கும் வரை, அந்த நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் முகவரியைத் தட்டி உள்ளே போகலாம். இது எனக்குத் தெரியும். எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தேன்.

நாலாவது நாள் அக்கா போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, 'தம்பி, அந்தப் பக்கத்தில முதலாளி வீட்டு ஆதார், நகை அடகுச் சீட்டு எல்லாம் தெரியுதே. நான் பார்க்கலாமா இதை?' என்றார். முதலாளி மெஷினின் நகலும் அதே பட்டியலில்தான் இருந்தது. பெயரை அழுத்தினால் ஃபோல்டர் விரியும், ஃபைலை அழுத்தினால் இறங்கும். ஐஸ் கவுன்டர் தம்பியும் தன் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற ஆர்வம்தான். ஆனால் அலுவலகத்துக்கு வருகிற சம்மாட்டிகளுக்கும் அதே வைஃபை பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு படகுக்காரர் இன்னொரு படகின் முன்பணக் கணக்கைப் பார்க்கும் வாய்ப்பை 4 நாள் நான் திறந்து வைத்திருந்தேன்.

அன்று மாலையே போனேன். முதலில் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அக்கா சொல்லித்தான் தெரிந்தது என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'என் மெஷினை நான் மட்டும் பார்க்கிற மாதிரி செய்ங்க' என்றார்.

நிர்வாகிப் பயனரை உருவாக்கி, அந்தப் பாஸ்வேர்டை உறையில் போட்டு முதலாளியின் அலமாரியில் வைத்தோம். அது தொலைந்தாலும் சர்வரின் கட்டளை வரியிலிருந்து மாற்றிவிடலாம். அக்காவுக்குத் தனிப் பயனர்: மூன்று அலுவலக மெஷின்களைப் பார்க்கலாம், ஃபைல் எடுக்கலாம், அமைப்புகளைத் தொட முடியாது. முதலாளிக்குத் தன் மெஷின் மட்டும். வருகிறவர்களுக்கு வைஃபையைத் தனியாகப் பிரித்தேன். பக்கத்தை வெளியிலிருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட் எதுவும் திறக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டால் வயர்கார்டு என்ற பாதுகாப்பான தனி இணைப்பு (வி.பி.என்.) வழியாக மட்டும் உள்ளே வருவேன்.

சர்வரில் ஃபயர்வாலும் போட்டேன், 55414 அந்த 4 மெஷின்களுக்கும் என் வயர்கார்டு இணைப்புக்கும் மட்டும் திறக்கும்படி. மறுநாள் காலை பட்டியலில் நான்கும் இணைப்பில் இல்லை என்று காட்டின. ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கிளையன்ட்டுகள் தங்கள் இருப்பைச் சொல்லும் பதில், சர்வரின் 35623 யூ.டி.பி. போர்ட்டுக்கு வர வேண்டும். பக்கத்தின் போர்ட்டை மட்டும் நினைவில் வைத்து மற்றதை எல்லாம் அடைத்திருந்தேன். அதைத் திறந்ததும் நான்கும் வந்தன.

மார்ச், ஏப்ரல்: பழக்கம்

அக்கா தினமும் பகல் 1 மணிக்கு, சாப்பிடப் போகுமுன், அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறப்பார் என்று முடிவு செய்தோம். பச்சை இருந்தால் சரி, சிவப்பு இருந்தால் எனக்கு ஒரு போன். மின்னஞ்சல் அறிக்கையும் எனக்கு வரும்படி வைத்தேன், ஆனால் அதை நம்பியிருக்கவில்லை. என் மின்னஞ்சல் பெட்டியின் கதி எனக்குத் தெரியும்.

மாதம் ஒரு முறை ரீஸ்டோர் ஒத்திகை, அதாவது நகலிலிருந்து திரும்ப எடுத்துப் பார்ப்பது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஏலம் இல்லாத நாள். ஏதாவது ஒரு பழைய தேதியைத் தேர்ந்து, கணக்கு ஃபோல்டரைப் பக்கத்திலிருந்து ஜிப்பாக இறக்கி, வேறொரு இடத்தில் விரித்து, கணக்கு மென்பொருளில் திறந்து, அந்தத் தேதியின் கடைசிச் சீட்டு எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மார்ச் மாதம் நான் கூட உட்கார்ந்தேன். அப்போது ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னேன்: கெட்டுப்போனது என்று நினைக்கிற ஃபோல்டரை அழிக்கவே கூடாது. பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, நல்லதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஏப்ரலில் அவரே தனியாகச் செய்தார். 25 நிமிடம் ஆனது என்று நோட்டில் இருக்கிறது.

மே: பச்சை காட்டியது, நகல் இல்லை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏலம் குறைவு, ஆனால் கணக்கு நிற்காது. படகைக் கரையேற்றி மரம் மாற்ற, எஞ்சின் பார்க்க, பெயின்ட் அடிக்க என்று முன்பணம் போய்க்கொண்டே இருக்கிற காலம் அதுதான்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு மின்வெட்டு. சர்வர் அணைந்து எழுந்தது. மறுநாள் அக்கா போன் செய்தார், ஏலக் கம்ப்யூட்டருக்குச் சிவப்பு. நான் பரமக்குடியில் வேறு வேலையில் இருந்தேன். வயர்கார்டு வழியாகப் பக்கத்தைத் திறந்து, அந்த மெஷினுக்கு முழு ஃபைல் பேக்கப்பை மறுபடி எடு என்று பக்கத்திலிருந்தே கட்டளை கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பச்சை வந்தது. 'சரியாப் போச்சு அக்கா' என்றேன். சிவப்பு ஏன் வந்தது என்று பதிவைத் திறந்து பார்க்கவில்லை. இந்த நிகழ்வு முழுவதிலும் நான் செய்த பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன்.

மே முதல் வெள்ளி ஒத்திகையில் அக்கா மார்ச் மாதத் தேதி ஒன்றைத் தேர்ந்தார். தேதி பட்டியலில் இருக்கிறது, உள்ளே போனால் ஃபைல் வரவில்லை. ஏப்ரல் தேதிகளிலும் அப்படியே. மின்வெட்டுக்குப் பிந்தைய தேதிகள் மட்டும் திறந்தன. 'பழசெல்லாம் எங்க போச்சு தம்பி?' என்று கேட்டபோது எனக்குக் கை சில்லிட்டது.

நேரில் போய்ப் பார்த்தேன். 4 டிபி டிஸ்க் மவுன்ட் ஆகவே இல்லை. டிஸ்க் கிடைக்காவிட்டாலும் சர்வர் எழுந்துவிட வேண்டும் என்று மவுன்ட் அமைப்பில் நானே எழுதியிருந்தேன். சர்வர் எழுந்தது, மவுன்ட் ஆக வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் இருந்தது, யூஆர்பேக்கப் அதற்குள்ளேயே எழுதியது. அதாவது அந்தச் சின்ன எஸ்.எஸ்.டி.யில். பழைய நகல்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன, சர்வரின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் எஸ்.எஸ்.டி. நிறைந்து சர்வரே நின்றிருக்கும்.

டிஸ்க் ஏன் வரவில்லை என்று யூ.எஸ்.பி. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் இரண்டின் ஓரத்தில், பழைய பித்தளைக் குத்துவிளக்கில் ஏறுகிற மாதிரி பச்சைக் களிம்பு. நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. டிஸ்க் இருந்த மேசை சன்னல் ஓரம், அந்தச் சன்னல் கடலைப் பார்த்தது. மூன்றே மாதத்தில் உப்புக் காற்று அந்த வேலையைச் செய்திருந்தது.

அன்று செய்தவை: டிஸ்க்கை யூ.எஸ்.பி.யிலிருந்து எடுத்து, பெட்டிக்குள்ளேயே சாட்டா கேபிளில் மாட்டினேன். பெட்டியைச் சன்னலிலிருந்து உள்சுவர் அலமாரிக்கு, நெஞ்சு உயரத்துக்கு மாற்றினோம். டிஸ்க் மவுன்ட் ஆகாதபோது அந்த வெறும் ஃபோல்டருக்குள் யாராலும் எதையும் எழுத முடியாதபடி மாற்றமுடியாத அடையாளம் போட்டேன். டிஸ்க் மவுன்ட் ஆகாவிட்டால் யூஆர்பேக்கப் சேவையே தொடங்கக் கூடாது என்று, சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் நிபந்தனை வைத்தேன். இனி டிஸ்க் போனால் பக்கமே திறக்காது. அக்காவுக்கு அது பச்சையைவிடத் தெளிவான செய்தி.

எஸ்.எஸ்.டி.யில் விழுந்திருந்த சில நாள் நகல்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஏலக் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு முழு நகல் எடுத்தேன். இந்த முறை பதிவையும் முழுக்கப் படித்தேன்.

ஜூன்: உண்மையிலேயே தேவைப்பட்ட நாள்

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம். இரண்டு மாதம் கழித்து இறங்குகிற மீன், கரையில் இடமில்லாத கூட்டம். அந்த வாரத்தில் ஒரு ஏல நாள் காலை 8 மணி வாக்கில் மின்சாரம் போய் வந்து, மறுபடி போனது. ஏலக் கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ். பேட்டரி பழசு, இரண்டாவது தடவை தாங்கவில்லை. எழுந்ததும் கணக்கு மென்பொருள் தரவைப் படிக்க முடியவில்லை என்றது.

எனக்கு அழைப்பு வந்தபோது மணி 9:10. நான் அவசரமாகக் கேள்விகளை அடுக்க ஆரம்பித்தேன். அக்கா நிறுத்தினார். 'எடுத்துட்டேன் தம்பி. ராத்திரி 8:40 நகல். பழைய ஃபோல்டர் பேரை மாத்தி வச்சிருக்கேன், அழிக்கலை. இப்ப சீட்டு ஓடுது. சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்.' காசாளர் மெஷினில் பக்கத்தைத் திறந்து, தேதியைத் தேர்ந்து, ஜிப்பை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து விரித்திருக்கிறார். மின்சாரம் நிலையாக வந்ததிலிருந்து 35 நிமிடம்.

அன்று காலை 4 மணியிலிருந்து 8 மணி வரை எழுதிய 61 சீட்டுகள் அந்த நகலில் இல்லை. விடியற்காலையில் பேக்கப் ஓடக் கூடாது என்று நான் வைத்த நேரத்தின் விலை அது. சீட்டுகள் ஆணியில் குத்தியபடி இருந்ததால், பகலுக்குள் திரும்ப எழுதி முடித்தார்கள். ஒரு படகின் கணக்கும் பேச்சுக்குப் போகவில்லை.

அந்த வாரமே யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றினோம்.

நவம்பர்: எல்லாம் ஒரே அறையில்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பாம்பனிலும் மண்டபத்திலும் பலத்த மழை. அலுவலகத்துக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. அலமாரியில் இருந்ததால் சர்வர் தப்பித்தது, மேசைக்கு அடியில் இருந்த காசாளர் மெஷின் போனது. அதன் ஃபைல்களைப் புது மெஷினில் திரும்ப வைத்தோம், சிக்கல் எதுவும் வரவில்லை.

ஆனால் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி அலமாரியைப் பார்த்து, 'இதுவும் போயிருந்தா?' என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போன கடற்கரை இது. அங்கே உட்கார்ந்துகொண்டு அசலையும் நகலையும் ஒரே அறையில் வைத்தது என் திட்டத்தின் ஓட்டை.

இப்போது இரண்டு சிறிய டிஸ்க்குகள், இரண்டும் மறையாக்கம் செய்தவை. யூஆர்பேக்கப் ஒவ்வொரு மெஷினுக்கும் அண்மைய நகலைச் சுட்டும் ஓர் இணைப்பை வைத்திருக்கும். அந்த அண்மைய நகல் மட்டும் வாரம் ஒரு முறை ஒரு டிஸ்க்குக்குப் போகும். முதலாளி வெள்ளிக்கிழமை அதை ராமநாதபுரத்தில் உள்ள தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டு, வீட்டில் இருந்ததைக் கொண்டுவருவார். முழுச் சேமிப்பையும் நகலெடுக்க முயன்றேன். இணைப்புகள் லட்சக்கணக்கில் இருந்ததால் ஓர் இரவு ஓடியும் முடியவில்லை. வீட்டில் வைப்பதற்கு அண்மைய நகல் போதும் என்று அக்காவும் முதலாளியும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

மறுபடி செய்தால்

நிர்வாகிப் பயனரை, முதல் கிளையன்ட் சேருவதற்கு முன்பே உருவாக்குவேன். கடலோர அலுவலகத்தில் யூ.எஸ்.பி. டிஸ்க்கை நிரந்தரச் சேமிப்பாக வைக்க மாட்டேன், சன்னல் ஓரத்தில் எந்தப் பெட்டியையும் வைக்க மாட்டேன். மவுன்ட் நிபந்தனையை முதல் நாளே போடுவேன். அது இரண்டு வரி வேலை. வெளியே போகும் டிஸ்க்கை நவம்பர் வரை தள்ளியிருக்க மாட்டேன்.

விடியற்காலை இடைவெளியை இன்னும் தீர்க்கவில்லை. ஏல நாளில் காலை 6 மணிக்கு, கணக்கு ஃபோல்டரை மட்டும் எடுக்கும் ஒரு சின்ன நகல் ஓட விடலாமா என்று சோதித்துப் பார்த்தோம். இரண்டு ஏல நாள் ஓட விட்டதில் ஒரு நாள் தெரியவே இல்லை, இன்னொரு நாள் மெஷின் ஒரு நிமிடம் திணறியது. அந்த ஒரு நிமிடத்தில் மேசை முன்னால் 4 பேர் நின்றிருந்தார்கள் என்று அக்கா சொன்னார். அந்த மெஷினை மாற்றாமல் இதைச் செய்ய வேண்டாம் என்பது அவர் கருத்து. நானும் ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்று, பக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். டிசம்பரில் அவர் மகள் கல்யாணத்துக்கு 10 நாள் விடுப்பில் போனார், அந்த 10 நாளும் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. திரும்பி வந்ததும் ஐஸ் கவுன்டர் தம்பிக்கும் ஒரு பயனர் போடச் சொன்னார். 2025 ஜனவரி முதல் வெள்ளி ஒத்திகையை அந்தத் தம்பிதான் செய்தார். முதல் தடவை தவறான மெஷினின் நகலை இறக்கி, சீட்டு எண் பொருந்தாமல் நின்று, மறுபடி முதலிலிருந்து செய்திருக்கிறார். நோட்டில் அவர் கையெழுத்தில் '55 நிமிடம்' என்று இருக்கிறது. பக்கத்தில் அக்கா சின்னதாக ஒரு டிக் போட்டிருக்கிறார்.